காப்பார் சாலைக் கொடிக்காலில் பன்னிரண்டு நாட்கள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து புறப்பட்டேன். கையில் இரண்டு பைகள். துணிப்பையில் மாற்றுச் சேலைகளோடு, பழைய பிஸ்கட் தகரத்தில் அடைத்த இரண்டு ராத்தல் மயில்துத்தம் என்ற செம்பு உப்பு இருந்தது. தோல்பையில் ஒரு கடிதம் இருந்தது. இரண்டும் என் அக்கா தனபாக்கியத்துக்காக. இரண்டில் ஒன்றுதான் அவளுக்குப் பயன்படும் என்று தெரிந்தே எடுத்துச் சென்றேன்.

அது ரப்பர் விலை வீழ்ந்து கிடந்த காலம். தோட்டங்களில் ஆள் குறைப்பு நடந்தது. கப்பல் கப்பலாக மக்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிள்ளானுக்கு வடக்கே காப்பார் சாலையில், குத்தகை நிலத்தில், வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றை அவர் அவளுக்கு விட்டுச் சென்றிருந்தார். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்படி பலமுறை அழைத்திருக்கிறேன். "உன் வீட்டுல நான் விருந்தாளி. இங்க நான் வீட்டுக்காரி" என்பாள்.

அந்த ஆண்டு கொடிகள் வாடத் தொடங்கின. செய்தி எப்படியோ கடல் தாண்டிப் போயிற்று. அக்காவின் கணவருடைய அண்ணன் நாகப்பட்டினத்திலிருந்து என் கணவருக்கு எழுதினார்: தோட்டமும் போய்விட்ட பிறகு ஒரு பெண் அங்கே தனித்திருப்பது குடும்பத்துக்கு அழகல்ல; கப்பலுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது; தயவு செய்து ஏற்றி அனுப்புங்கள். கப்பல் புறப்பட இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. பள்ளி ஆசிரியையான எனக்கு அப்போது விடுமுறை. "நீயே போய்ப் பேசு. பெட்டி கட்டவும் ஒரு ஆள் வேணும்" என்றார் என் கணவர். மயில்துத்தத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

கோலாலம்பூர் நிலையத்தில் மூன்றாம் வகுப்புச் சீட்டு அறுபது காசு. கிள்ளான் ஏறத்தாழ இருபது மைல்; ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். பெட்டாலிங்கைத் தாண்டியதும் இருபுறமும் ரப்பர் மரங்கள், பால் வெட்டாமல் விடப்பட்டு, அடியில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து நின்றன. எதிரே ஒரு பெண் தகரப் பெட்டி ஒன்றின் மீது காலை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். பத்து தீகா நிலையத்தில் வண்டி நின்றபோது என் பைகளைப் பார்த்தாள்.

"கப்பலுக்கா அக்கா?"

"இல்லம்மா. கிள்ளான்ல எறங்குறேன்."

"குடுத்து வச்சவங்க. நாங்க பதினோரு வருசம் இருந்தோம். ஊர்ல இறங்கினா யாரு வீட்டுக்குப் போறதுன்னு இவரு இன்னும் சொல்லல." பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த கணவரை முழங்கையால் இடித்தாள். அவர் கண் திறக்காமலே, "இறங்கினப்புறம் சொல்றேன்" என்றார்.

தோல்பையை மடியில் இன்னும் சற்று இறுக்கி வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குக் கிள்ளான். நிலையம் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. காப்பார் செல்ல ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்துக்கு அப்பால் மோட்டார் பஸ் காத்திருந்தது. கட்டணம் பத்துக் காசு. எங்கே இறங்க வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டார்.

"மூணாங்கட்டை."

"வெத்தலைக்கார அம்மா வீடா? கொடியெல்லாம் பட்டுப்போச்சாமே."

"யார் சொன்னது?"

"பாசார்ல சொல்றாங்க. சொல்றவனெல்லாம் வெத்தலை போட்டுக்கிட்டேதான் சொல்றான்."

மூன்றாவது மைல்கல்லருகே இறங்கினேன். சாலையோரக் கால்வாயின் மேல் ஒரு பலகை; அதைக் கடந்தால் அக்காவின் வீடு; வீட்டுக்குப் பின்னே கொடிக்கால். காணாதவர்களுக்காக அதைச் சற்று விவரிக்க வேண்டும். வெற்றிலைக் கொடி நேர் வெயிலும் காற்றும் தாங்காதது. ஆகவே நிலம் முழுவதற்கும் மேலே பந்தல் போட்டுக் கீற்று வேய்ந்து, நான்கு புறமும் கீற்றாலேயே அடைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சன்னல் இல்லாத பெரிய கொட்டகை. உள்ளே பச்சை நிற இருட்டு. ஈரமான, குளிர்ந்த காற்று. கம்பம் கம்பமாக ஏறி நிற்கும் கொடிகள். அக்காவின் கொடிக்காலில் இருபத்திரண்டு வரிசைகள், வரிசைக்கு நாற்பது கொடிகள். கொடி விரும்பும் அந்த ஈரத்தைத்தான் அழுகல் நோயும் விரும்புகிறது. அடைத்த பந்தலுக்குள் பயிரிடும் எவருக்கும் உள்ள இக்கட்டு இது.

கொடிக்கால் வாசலில் என்னை நிறுத்தியவர் காத்தமுத்து அண்ணன். ஐம்பது வயதைத் தாண்டியவர். காவிரிக் கரையில் கொடிக்கால் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். அக்காவின் கணவர் காலத்திலிருந்தே வேலைக்கு இருப்பவர்.

"டீச்சரம்மா, செருப்பு அங்க. கால் இங்க."

வாசலை ஒட்டிச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டிய, முழங்கால் உயரத் தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டுதான் யாரும் கொடிக்காலுக்குள் நுழையலாம். கொடிக்காலைக் கோயிலுக்குச் சமமாகக் கருதும் வழக்கம் அது. நான் இறங்கினேன். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. அடியில் சேறு மெத்தென்று பாதத்தில் பட்டது.

உள்ளே சென்றதும் ஓட்டுநரின் செய்தியில் பாதி உண்மை என்று கண்டேன். வாசலை அடுத்த நான்கு வரிசைகள் செத்திருந்தன. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் இலைகள் பளபளப்பிழந்து தொங்கின. உள்ளே நின்றிருந்த அக்கா ஒரு கொடியைப் பிடுங்கிக் காட்டினாள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, விரலால் அழுத்தியதும் நைந்து, கெட்ட மீன் வாடை அடித்தது.

நான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். எனக்கும் தனியா ஒண்ணு வந்துச்சு."

"என்ன செய்யப்போற?"

அவள் மூங்கிற் குச்சிகளைக் கொண்டு வந்து, நோய் தெரிந்த கடைசிக் கொடிகளுக்கு அப்பால், ஏழாவது வரிசைக்கு முன்னே, வரிசையாக ஊன்றினாள். "கப்பல் நாளுக்குள்ள நோய் இந்தக் குச்சியத் தாண்டினா போறேன். தாண்டலன்னா இருக்கேன். நீ சாட்சி."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மருந்து கலக்கத் தொடங்கினோம். வெற்றிலைக்கு உறவான மிளகுக்கொடியின் அழுகல் நோய் பற்றிய ஆங்கில அச்சுத்தாள் ஒன்று எங்கள் பள்ளிக்கு வந்திருந்தது. அதை நான் தமிழில் எழுதி எடுத்து வந்திருந்தேன். மயில்துத்தத்தை மண்பானையில் கரைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்பை வேறொரு பானையில் கரைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் மூன்றாவது பானையில் ஊற்றினால் வானத்து நீலத்தில் ஒரு குழம்பு திரளும். தீட்டிய கத்தியை அதில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, வேரைச் சுட்டுவிடும். எங்கள் கத்தி முதல் முறை சிவந்தது. இன்னும் இரண்டு கை சுண்ணாம்பு சேர்த்த பின் வெள்ளையாகவே வந்தது.

அக்கா ஒரு நிபந்தனை விதித்தாள். "மனுசங்க வாயில போடற இலை. மேல ஒரு சொட்டுப் படக்கூடாது."

ஆகவே அடியிலைகளை முதலில் கிள்ளி எறிந்துவிட்டு, கொட்டாங்கச்சியால் தண்டின் அடியில் மட்டும் ஊற்றினோம். செத்த கொடிகளைக் காத்தமுத்து அண்ணன் வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரித்தார். மாலையில் என் முதுகு நிமிரவில்லை.

ஆனால் ஒன்று என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் தேங்கும் பள்ளமான பகுதியிலேயே இந்நோய் முதலில் காணும் என்று அச்சுத்தாள் சொன்னது. அக்காவின் நிலம் பின்புறம் நோக்கித் தாழ்ந்து செல்கிறது. மழை நீர் வடிவதும் அங்கேதான். அந்தப் பின்வரிசைகள் செழித்து நின்றன. செத்தவை எல்லாம் மேட்டுப் பகுதியில், வாசலையொட்டி. மருந்து கொடுத்தோமே தவிர, நோய் எந்த வழியாக வந்தது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அது தெரியாவிட்டால் குச்சிகளால் பயனில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. அக்கா காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். நான் கொல்லைப்புறம் வந்தபோது காத்தமுத்து அண்ணன் கால் கழுவும் தொட்டியிலிருந்து மண்ணெண்ணெய்த் தகரத்தில் நீரை மொண்டு கொடிக்காலுக்குள் எடுத்துச் சென்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தத் தண்ணிய எங்க கொண்டு போறீங்க?"

"கொடிக்குத்தான் டீச்சரம்மா. வேற எங்க? திங்களும் வெள்ளியும் தொட்டிய மாத்துறதுதான்."

"கால் கழுவின தண்ணியா?"

"கொடிக்காலுக்குன்னு கழுவின தண்ணி. அத ஆளு நடக்குற சடக்குல கொட்டி, கண்டவன் மிதிச்சிட்டுப் போறதா? தப்பு இல்லையா?"

அக்கா காப்பிக் குவளையோடு வந்து நின்றிருந்தாள். "எந்த வரிசையிலேருந்து ஊத்துவீங்க அண்ணே?"

"வாசல்லேருந்து. தீருற வரைக்கும்."

இலை கிள்ள வரும் பெண்கள் நால்வர். அவர்கள் வாரம் முழுவதும் அந்தச் சாலையிலுள்ள மற்றக் கொடிக்கால்களிலும் வேலை செய்கிறவர்கள். அவற்றில் இரண்டில் இதே நோய் இருப்பது எல்லோரும் அறிந்ததே. அந்த மண்ணையெல்லாம் எங்கள் தொட்டியில் பக்தியோடு கழுவிவிட்டு அவர்கள் உள்ளே வந்தார்கள். கழுவிய நீரும் அவர்களுக்குப் பின்னாலேயே உள்ளே போயிற்று. பிறகு வந்தவர்கள் அதே நீரில் கால் நனைத்தார்கள். நானும் நனைத்தேன்.

அக்கா குவளையைக் கீழே வைத்தாள். "தகரத்த எறக்கி வைங்கண்ணே."

விவரத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது. "கால் கழுவாம உள்ள போகச் சொல்றீங்களா? முப்பது வருசம் கொடிக்கால் வேலை பாத்தவன் நான். அழுக்குக் காலோட உள்ள போற தோட்டத்துல எனக்கு வேலை வேணாம்."

"கழுவ வேணாம்னு யாரு சொன்னா? உங்க ஊர்ல தொட்டிய யாரு கட்டினது?" என்று கேட்டாள் அக்கா.

"எங்க ஊர்ல ஏது தொட்டி? வாசலுக்கு முன்னால வாய்க்கால் போகும். அதுல எறங்கி ஏறினா..."

தகரத்திலிருந்த கலங்கல் நீரைக் குனிந்து பார்த்தார்.

"அது ஓடுற தண்ணி" என்றார் பிறகு.

இங்கே வாசலில் வாய்க்கால் இல்லை. வழக்கத்தை விட மனமில்லாமல் அவர்தான் தொட்டி கேட்டிருக்கிறார். அக்காவின் கணவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவிட்டுத் தம் கையாலேயே அதைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். கொத்தனார் கரணை பிடித்துப் பழகாத கை என்பது அதன் கோணல் விளிம்பைப் பார்த்தாலே தெரியும். இவற்றையெல்லாம் நான் பின்னால்தான் அறிந்தேன். அப்போது கண்டது, அக்கா அந்த விளிம்பின் மீது உள்ளங்கையைச் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்ததைத்தான்.

"உடைங்க" என்றாள்.

காத்தமுத்து அண்ணன் கடப்பாரையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

அன்று மாலைக்குள் மூங்கிலைப் பிளந்து, கணுக்களைத் தட்டிக் கிணற்றடியிலிருந்து ஓடுகுழாய் அமைத்தார். ஒருவர் கிணற்றில் இறைத்து ஊற்ற, சாலையோரம் நின்ற மற்றவர் காலில் நீர் விழுந்து, மண்ணைக் கரைத்துக்கொண்டு, சாலையோரக் கால்வாயில் போய்ச் சேர்ந்தது. வாசலையும் மாற்றினோம். நோயற்ற பின்வரிசைப் பக்கம் கீற்றைப் பிரித்து வழிவிட்டோம். நல்ல கொடிகளை முதலில் தொட்டு, சந்தேகமானவற்றைக் கடைசியில் தொட்டு, முன்வாசல் வழியே வெளியேற வேண்டும். வெளியேறியவர் அன்று திரும்ப நுழையக்கூடாது. கத்திகளைச் சுண்ணாம்பு நீரில் போட்டு வைத்தோம்.

இலை கிள்ளும் பெண்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர்களில் வாய்த்துடுக்கான அஞ்சலை, "ரயில் ஏறுற மாதிரி இருக்குக்கா. அந்தப் பக்கம் ஏறு, இந்தப் பக்கம் எறங்கு. சீட்டு யாரு குடுப்பா?" என்றாள்.

"காலக் காட்டு, அதான் சீட்டு" என்றார் காத்தமுத்து அண்ணன். அன்றிலிருந்து ஒவ்வொரு பாதத்தையும் குனிந்து பார்த்த பிறகே உள்ளே விட்டார். விரலிடுக்கில் மண் இருந்ததென்று அஞ்சலையை மூன்று முறை திருப்பி அனுப்பினார்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை குறிப்பிட ஏதுமில்லை. தினம் காலை அக்காவும் நானும் குச்சிகளின் வரிசையருகே நடந்து, ஒவ்வொரு கொடியின் அடித்தண்டையும் தொட்டுப் பார்த்தோம். வீட்டில் அவள் கட்டிலின் மீது தகரப் பெட்டி திறந்தபடி கிடந்தது. பாதி நிரம்பியிருந்தது. அதில் எதையும் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

எட்டாம் நாள், சனிக்கிழமை, குச்சிகளுக்கு அப்பால் ஏழாவது வரிசையில் அடுத்தடுத்து இரண்டு கொடிகள் வாடியிருந்தன.

அக்கா மண்டியிட்டு ஒன்றின் தண்டை அழுத்தினாள். நைந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தாண்டிடுச்சு."

"ரெண்டுதானே அக்கா."

"ரெண்டுன்னாலும் தாண்டினது தாண்டினதுதான். நாந்தானே குச்சி ஊனினேன்."

அவள் வீட்டுக்குள் போனாள். பெட்டியின் மூடி அசையும் சத்தம் கேட்டது. நான் அந்த இரண்டு கொடிகளையும் பிடுங்கிக்கொண்டிருந்தபோது காத்தமுத்து அண்ணன் வந்தார். வந்தவர் என்னைப் பார்க்காமல் கம்பத்தைப் பார்த்தபடி பேசினார்.

"டீச்சரம்மா, ஒரு விசயம். நீங்க வர்றதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கடைசித் தகரத்தத் தூக்கிட்டு வரும்போது இடுப்பு பிடிச்சிக்கிச்சு. திரும்ப நடக்க முடியல. இங்கயே, இந்த ரெண்டு கொடி அடியிலதான் கவுத்துட்டேன்."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"இடுப்பு போச்சுன்னு சொன்னா, ஆள மாத்துன்னு அம்மாகிட்ட நாலு பேரு சொல்வான்."

அவர் சொன்னது உண்மையா, அக்காவை நிறுத்தி வைப்பதற்காக அப்போது தோன்றியதா என்பதை நான் இன்றும் அறியேன். அக்காவிடம் அப்படியே போய்ச் சொன்னேன், என் ஐயத்தையும் சேர்த்து. அவள் ஒரு சேலையை நான்காக மடித்து முடித்தாள்.

"அவரு சொல்றது பொய்யின்னா, நோய் தானா பரவி மூணாவது கொடியும் வாடும். இன்னும் நாலு நாள் இருக்குல்ல. பாப்போம்."

மிச்சமிருந்த துத்தத்தைக் கரைத்து ஏழாவது, எட்டாவது வரிசைகளுக்கு ஊற்றினோம். ஞாயிறு எதுவுமில்லை. திங்கள் மழை பெய்தது. பந்தல் ஒழுகிற்று, அன்று மட்டும் அக்கா மூன்று முறை உள்ளே போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் காலைக் கழுவிக்கொண்டு, பின்வழியாகவே சுற்றிச் சென்றாள். காத்தமுத்து அண்ணன் விதியை எடுத்துச் சொன்னார், வெளியேறியவர் திரும்பக் கூடாதென்று.

"உங்க இடுப்பு நெனப்புலயே விதிய மறந்துட்டேன் அண்ணே" என்றாள். அந்த வாரத்தில் அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

செவ்வாய் எதுவுமில்லை. புதன்கிழமை விடிந்ததும் கடைசி முறையாகக் குனிந்து பார்த்தோம். ஏழாவது வரிசையில் இரண்டு வெற்றிடங்கள். இரு பக்கத்துக் கொடிகளும் விரலுக்கு உறுதியாக நின்றன. ஒன்றில் வெளிர் பச்சையில் ஒரு தளிர், உள்ளங்கையில் பாதியளவு, புதிதாக விரிந்திருந்தது. அக்கா அதைக் கிள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து, பெட்டியிலிருந்த சேலைகளைக் கொடிக்கயிற்றில் எடுத்துப் போட்டாள். காலியான துத்தத் தகரத்தையும் என் தமிழ்க் குறிப்பையும் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு என் எதிரே அமர்ந்தாள்.

"நாகப்பட்டினத்துப் பெரியவருக்கு எழுது. வெள்ளிக்கிழமை இலை கிள்ளணும், வர முடியாதுன்னு."

"அவ்வளவுதானா?"

"எல்லாரும் சௌக்கியமான்னும் கேளு. மரியாதையா எழுது."

எழுதினேன். என் கணவருக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். நடந்ததைச் சொல்வதென்று முடிவு செய்தேன்.

மாலை நான்கு மணி வண்டிக்கு அக்கா கிள்ளான் நிலையம் வரை வந்தாள். வாழை மட்டையில் கட்டிய ஒரு கட்டு வெற்றிலை என் கையில் இருந்தது. மறுபக்கத்தில் துறைமுகத்துக்குப் போகும் வண்டி நின்றது. மறுநாள் கப்பலுக்கான கூட்டம். பெட்டிகள், சுருட்டிய பாய்கள், கூண்டில் ஒரு கிளி. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் அக்காவிடம் வந்து, "கப்பலுக்குன்னா இந்த வண்டிதானே அக்கா? நீங்களும் அதுக்குத்தானே?" என்று கேட்டாள்.

"இந்த வண்டிதாம்மா. நான் வரல. தங்கச்சிய ஏத்தி விட வந்தேன்."

அந்தப் பெண்ணின் பாயைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அக்கா என் சன்னலுக்குத் திரும்பி வந்தாள். வண்டி நகரும்வரை நாங்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஐந்தரை மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ். எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கால் கழுவக் குழாய் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக அதில் கால் கழுவிவிட்டு நேரே உள்ளே போயிருக்கிறேன். அன்று குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். காப்பார் சாலை மண் கரைந்து, படிக்கட்டைச் சுற்றி, பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை ஒரு முழம் விலகி, சாக்கடையில் இறங்கிப் போகும்வரை அந்த நீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உள்ள வரலையா?" என்று என் கணவர் கேட்டார். இன்னும் கொஞ்சம் மண் இருக்கிறது என்றேன்.